துரை இல்லாத எடிட்டர்

நான் ஓய்வு பெற்று மேசையை ஒப்படைத்த அன்று, அந்த மேசைக்கு வந்த புதிய கிளாக்கர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அண்ணே, நோட்டீஸ் அடிக்கிற இந்த எடிட்டர் பழுதாப் போனா எந்தக் கம்பனிக்கு கோல் எடுக்கிறது?"

"கம்பனி கெடையாது தம்பி. இது ஓப்பன் சோர்ஸ். காசு குடுத்து வாங்கினது இல்ல. செஞ்ச ஆளுங்களும் பாவிக்கிற ஆளுங்களும் ஒரு மின்னஞ்சல் குழுவில இருக்காங்க. அங்க எழுதணும்."

"எழுதினா செஞ்சு குடுப்பாங்களா?"

"உள்ளதச் சொன்னா செஞ்சு குடுப்பாங்க."

தம்பி சிரித்தார். கிழவன் ஏதோ உபதேசம் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதிலை நான் படித்த இடத்தில் ஒரு பசுமாடு செத்துப் போயிருக்கிறது. பஸ் பிடிக்கும் அவசரத்தில் அதைச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் உத்தியோக வரலாறு பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. நான் இரத்தினபுரியில் ஒரு மாடிக் கடையில் தட்டெழுத்துப் படித்துவிட்டு, றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்ட ஆபீசிலேயே சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதும் கம்ப்யூட்டர் வந்தது. கொழும்பில் ஒரு குறுகிய கால வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அந்த மெஷினுக்கு நான் ஒருவன்தான் ஆள். அதைத் தொடுவதற்கு மற்றவர்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் தட்டெழுத்துத் தெரிந்தவன் என்று மாட்டிக்கொண்டேன்.

எனக்கு மேலே பெரிய கிளாக்கர் ஆறுமுகம் ஐயா. வெள்ளைக் கைநீளச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் திருநீறு. அவர் ஆபீசுக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடக் கொஞ்சம் மரியாதையாகச் சுற்றுவது போல எங்களுக்குத் தோன்றும். கடிதம் சொல்லும்போது நின்றுகொண்டுதான் சொல்வார். தோட்டத்தை நிர்வகிக்கும் அத்தியட்சகரான துரைக்கு எழுதும் கடிதமென்றால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். துரை பங்களாவில் இருப்பார், கடிதம் ஆபீசில் இருக்கும், ஆனாலும் பொத்தான் போட வேண்டும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, துரை கையெழுத்து இல்லாமல் ஆபீசிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியைக்கூட அழிக்கக் கூடாது. ஐயா சின்னக் கிளாக்கராக இருந்த காலத்தில், கறையான் தின்ற செக்ரோல் என்ற பழைய பேர்ப்பதிவுப் புத்தகங்களை ஒரு கிளாக்கர் நல்ல எண்ணத்தில் எரித்துவிட்டாராம். எதை மறைக்க எரித்தாய் என்று கேட்டு, அவரையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் அந்த வாரமே வீட்டைக் காலி பண்ண வைத்திருக்கிறார்கள். சாமான் ஏற்றிய லொறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஐயா. அதற்குப் பிறகு அவர் கிழிந்த உறையைக்கூட மடித்து அலுமாரியில் வைப்பார்.

இரண்டாவது சட்டம் அவருடையது மட்டும் இல்லை, தோட்டத்துக்கே பொது. மேலேயிருந்து கேள்வி வந்தால் பதில் "ஆமாங்க" தான். தொழிலாளியைக் கங்காணி கேட்டாலும் ஆமாங்க, கங்காணியைக் கணக்கப்பிள்ளை கேட்டாலும் ஆமாங்க, பெரிய கிளாக்கரைத் துரை கேட்டாலும் ஆமாங்க. செய்து முடித்தாயா என்று கேட்டால் ஆமாங்க சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் செய்வோம். பெரும்பாலும் செய்தும் முடித்துவிடுவோம். அதனால் அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. லைசென்ஸ் இல்லாத மென்பொருள் எல்லாவற்றையும் உடனே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். துரையின் கையெழுத்தோடு வந்ததால் ஐயா மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் தமிழ் அடித்துக்கொண்டிருந்த புரோகிராம் யாரோ யாருக்கோ கொடுத்த களவுக் கொப்பி. அது போனதோடு தமிழும் போனது.

அது சின்ன விஷயம் இல்லை. கொழுந்து மலைகளில் மருந்து அடிக்கும் நாட்களில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டுவோம். இந்த நம்பர் மலையில் மாட்டுக்குப் புல் அறுக்காதே, இந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்காதே என்று அதில் இருக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணியும் சத்தம் போட்டுச் சொல்வார். ஆனால் அன்று வேலைக்கு வராதவர் காதில் அது விழாது. எங்கள் சனங்கள் சிங்களம் தண்ணீர் போலப் பேசுவார்கள். சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

புரோகிராமை எடுத்த வாரமே நான் கையால் தமிழில் எழுதி ஒட்டினேன். வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பித் தோட்டத்தைப் பார்வையிடும் காலம் அது. எங்கள் துரை காலி நகரத்துப் பக்கத்துச் சிங்களவர், தமிழும் பேசுவார். நோட்டீசைப் பார்த்து, "மொகத மே? இது என்ன, கடை போர்டா? பிரிண்ட் பண்ணி என் சைனோட ஒட்டணும்" என்று சொல்லிக் கழற்றிவிட்டார். தமிழ் தயாராகும் வரைக்கும் சிங்களமும் இங்கிலீசும் போதும் என்று முடிவானது.

இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் ஒரு சீடி கொடுத்தார். காசு வேண்டாம், லைசென்ஸ் பிரச்சினை இல்லை, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், விரும்பினால் உள்ளே பிரித்துத் திருத்தலாம் என்றார். ஒரு சாதாரண எழுத்து எடிட்டர். தமிழ் அழகாகத் திரையில் வந்தது. நான் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து மகிழ்ந்துபோனார். பிறகு கேட்டார்:

"இதுக்கு யாருப்பா தொரை?"

"யாரும் இல்லைங்க ஐயா. பல நாட்டு ஆளுங்க சேர்ந்து செய்றாங்க."

"தொரை இல்லாம ஒரு தோட்டம் ஓடுமா? நீ சரியா வெசாரிக்கல்ல."

அப்போது நாங்கள் பிரிண்ட் கொடுத்தோம். கடதாசியில் ஓர் எழுத்தும் இல்லை. வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் படம் வரைந்த மாதிரி இருந்தது.

திரையில் இருப்பது கடதாசியில் வராததற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தக் குழுவுக்கு எழுதலாம் என்றேன். ஐயா பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கடிதம் ஐயா சொல்லி நான் அடித்தேன். பெறுநர்: எடிட்டரின் அத்தியட்சகர். ஊடாக: தோட்ட அத்தியட்சகர். பொருள்: தமிழ் அச்சு. தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், தங்கள் மென்பொருள் எமது தோட்டத்தில் அச்சிடவில்லை, ஆவன செய்து உதவவும். இவ்வளவுதான். என்ன நடந்தது என்பது அதில் ஒரு வரிகூட இல்லை. "வெவரமெல்லாம் நாம சொல்லக்கூடாது. பெரியவங்க வந்து பார்த்துக்குவாங்க" என்றார் ஐயா. அதை 'டியர் சேர்' என்று தொடங்கி இங்கிலீசில் ஆக்கி, பஸ்ஸில் இறங்கிப் போய் றக்வானைக் கடைத்தெருவில் இன்டர்நெட் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து அனுப்பினேன்.

அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போனபோது பதில் இருந்தது. மார்த்தா என்று ஒரு பெண் எழுதியிருந்தார்: நான் சேர் இல்லை, அத்தியட்சகரும் இல்லை. என் வீட்டில் அச்சு ஒழுங்காக வராததால் அந்தப் பகுதியை நானே திருத்தினேன், அதனால் அச்சு பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுகிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன வரும் என்று நினைத்தீர்கள்? உண்மையில் என்ன வந்தது?

ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது என்ன, என்கொயரியா? நம்மளையே குத்தஞ் சொல்ற மாதிரி இருக்கே!"

அவரைச் சமாதானப்படுத்தி விவரம் எழுதினேன். மார்த்தா உடனே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் சீடியில் இருந்தது பழைய பதிப்பு. அதன் அச்சு அமைப்பு இங்கிலீஸ் எழுத்துருவை மட்டும் எடுத்துக்கொள்ளும். பழையதை அதன் அமைப்புக் கோப்புகளோடு முழுதாக அழித்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுங்கள், அந்தக் கோப்புகள் இருந்தால் புதியதும் அவற்றையே எடுத்துக்கொள்ளும் என்று எழுதி, எங்கே எடுப்பது என்றும் சொன்னார். கடைக்காரர் அதை மெதுமெதுவாக இறக்கி சீடியில் போட்டுக் கொடுத்தார்.

ஆபீசுக்கு வந்து பழையதை அழிக்கப் போனபோது ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்கிறதா? தொரை கையெழுத்து எங்க?"

"ஐயா, இது கடதாசி இல்லீங்க. புரோகிராம்."

"ஆபீசுக்குள்ள வந்தது எல்லாம் ரெக்கோர்ட் தான் ராசு. போன தடவ அழிச்சதுக்கு சுற்றறிக்கை இருந்துச்சு. இதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப தொரைகிட்ட ஒரு சைன் வாங்கிடுவோமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு முதல் நாள் துரை போகிற போக்கில், தமிழ் சரியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். ஐயா, "ஆமாங்க தொரை, சரியாப் போச்சுங்க" என்றிருக்கிறார். இப்போது கையெழுத்துக் கேட்டுப் போனால், ஆகவில்லை என்று ஆகிவிடும்.

ஆகவே பழையதை அப்படியே வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் நிறுவினேன். பிரிண்ட் கொடுத்தால் அதே கட்டங்கள். மார்த்தாவுக்கு எழுதினோம். அவர் கேட்டார்: பழையதை அழித்துவிட்டீர்களா? ஐயா எழுந்து நின்று பொத்தானைப் போட்டார். "ஆம், தங்கள் அறிவுறுத்தலின்படி செய்து முடிக்கப்பட்டது."

"ஐயா, நாம அழிக்கலியேங்க?"

"அழிச்ச மாதிரித்தாம்பா. நாம தான் அதத் தொடுறதே இல்லையே. ஒரு பெரிய எடத்துப் பொம்பள கேக்கிறாங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு எழுதலாமா?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் கையெழுத்து அவருடையது. கடிதம் போனது. மார்த்தா பாவம், தன் வீட்டில் எங்கள் கம்ப்யூட்டர் போலவே ஒன்றைத் தயார் பண்ணி, தமிழ் எழுத்துருவைப் போட்டு, திரும்பத் திரும்ப அச்சடித்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக வருகிறதாம். நீங்கள் சொல்வது போல் பழையது இல்லையென்றால் இப்படி நடக்கவே முடியாது, இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினார். ஐயா இன்னொரு ஆம் அனுப்பினார். மார்த்தா ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, எங்களுக்காகவே ஒரு சோதனைப் பதிப்புச் செய்து அனுப்பினார். அதிலும் கட்டங்கள்தான் வந்தன. கேட்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்காதா?

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதுதான் ஏழாம் நம்பர் மலைக்கு மருந்து அடித்தார்கள்.

கீழ் லயத்து செல்லம்மா அக்கா அன்று கிளினிக்குக்குப் போயிருந்தார். பெரட்டுக் களத்தில் கங்காணி சொன்னது அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து வழக்கம் போல ஏழாம் நம்பர் மலை ஓரத்தில் ஒரு கட்டுப் புல் அறுத்துப் பசுவுக்குப் போட்டிருக்கிறார். மறுநாள் மாடு வாயில் நுரை தள்ளிப் படுத்தது. மாட்டு டொக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. தொழுவத்தில் பால் குடி மறக்காத கன்று ஒன்று நின்றது.

அவர் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தொழிலாளிகள் உள்ளே வருவதில்லை, ஜன்னலோடு பேசிவிட்டுப் போவார்கள். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெரிய கிளாக்கரய்யா, மன்னிச்சுக்குங்க. மலை வாசல்ல ரெண்டு கடதாசி ஒட்டியிருந்திச்சுங்க. நான் பார்த்தேன். எனக்குச் சிங்களம் பேச வருங்க, படிக்க வராதுங்களே. கொழுந்து பறிக்கிற போட்டி வைக்கிறாங்க போலன்னு நெனச்சுட்டுப் போயிட்டேங்க."

ஐயா பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"எம்மேலதான் பெசகு. தமிழ்க் கடதாசி வருதுன்னு கங்காணி சொன்னாருங்க. வந்திருச்சுங்களா?"

ஐயாவின் வாய் "ஆ" என்று திறந்தது எனக்குத் தெரிந்தது. பழக்கம் அப்படி. ஆனால் சத்தம் வரவில்லை. அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல் மூடினார். செல்லம்மா அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்க, அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரம் துரை ஆபீஸ் சுற்றிப் பார்க்க வந்தார். அலுமாரி, பைல், முத்திரை எல்லாம் பார்த்தார். கடைசியில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பதிலை எதிர்பார்க்காத குரலில் தமிழ் நோட்டீஸ் பற்றிக் கேட்டார்:

"ஆறுமுகம், தெமள நோட்டீஸ் எல்லாம் ஹரிதானே?"

ஐயா எழுந்தார். கை மேல் பொத்தானுக்குப் போனது. போட்டார்.

"இல்லைங்க தொரை."

துரை காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் கேட்டார். ஐயாவின் குரல் தெளிவாக வந்தது.

"இல்லைங்க தொரை. ஆகல்ல. சரியாப் போச்சுன்னு நான் சொன்னது பிழைங்க. பழைய புரோகிராம அழிக்க ஒங்க கையெழுத்து வேணும். அது இல்லாம நிக்குது. அதால செல்லம்மாட மாடு செத்துப் போச்சு."

நான் அந்த லொறியை நினைத்தேன். ஐயாவும் நினைத்திருப்பார். ஓய்வு பெற அவருக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. ஆபீஸ் வீட்டை விட்டால் அவருக்குப் போக இடம் கிடையாது.

துரை அவர் பக்கம் திரும்பினார். "ஒரு சைனுக்கா? இத ஏன் முன்னமே சொல்லல்ல?"

"இல்லைன்னு சொல்லிப் பழக்கம் இல்லைங்க தொரை."

துரை கோபப்பட்டாரா, வெட்கப்பட்டாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பேனாவை எடுத்தார். ஐயா ஏற்கனவே தட்டெழுத்தில் அடித்து வைத்திருந்த கடதாசியை நீட்டினார். துரை கையெழுத்துப் போட்டுவிட்டு, செல்லம்மாவுக்கு ஒரு பசு வாங்கிக் கொடுக்கத் தோட்டம் பொறுப்பு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதைப் பிறகு செய்யவும் செய்தார், சும்மா சொல்லக்கூடாது.

நான் பழையதை அதன் அமைப்புக் கோப்புகளோடு அழித்தேன். புதியதை மறுபடி நிறுவினேன். பிரிண்டர் இழுத்துக் கக்கிய கடதாசியில் கறுப்பாக, தெளிவாகத் தமிழ் இருந்தது. ஐயா அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாசிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு மார்த்தாவுக்குக் கடிதம் சொன்னார். முதல் தடவையாக உட்கார்ந்துகொண்டு சொன்னார். "பழையதை நாங்கள் அழிக்கவில்லை. அழித்தோம் என்று எழுதியது உண்மை இல்லை. உங்கள் சனி ஞாயிறு வீணாகிவிட்டது. இப்போது அழித்தோம், அச்சு வருகிறது." ஊடாக என்ற வரியை அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

மார்த்தா திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். உங்கள் 'இல்லை'தான் எனக்கு வேண்டியிருந்தது, அது முதலிலேயே கிடைத்திருந்தால் நானும் தூங்கியிருப்பேன் என்று எழுதியிருந்தார். அடுத்த பதிப்பை நிறுவியபோது திரையில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு இருக்கிறது, அதன் அமைப்புகளை அகற்றலாமா? எங்கள் ஆபீசுக்காக உலகம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி அது. ஐயா அதைத் தினமும் யாராவது ஒருவருக்குக் காட்டினார்.

தமிழ் நோட்டீஸ் முதன்முதலாக ஒட்டிய காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதினோராம் நம்பர் மலைக்கு மருந்து. பெரட்டுக் களத்துப் பலகையில் ஐயா தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார். செல்லம்மா அக்கா புல் அறுக்கும் கத்தியோடு வந்து நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் போகாமல் நின்றார்.

"என்னம்மா?" என்றார் ஐயா.

"ஒன்னும் இல்லைங்க."

"சொல்லும்மா. ஏதும் பிழையா?"

அவர் கங்காணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தியைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஆமாங்க ஐயா. புல் அறுக்கக்கூடாதுன்னு போட்டிருக்குங்க. எத்தன நாளைக்குன்னு போடலியேங்க. கன்னுக்குட்டி எத்தன நாள் பட்டினி கெடக்கும்?"

துரை கையெழுத்துப் போட்ட கடதாசியைத் தொழிலாளி ஒருவர் பிழை என்று சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. ஐயா பலகைக்குத் திரும்பினார். பசை காயாத நோட்டீசை மெதுவாக உரித்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சரியாத்தான் சொல்றாங்க ராசு. போய்த் திருத்து."